சாரைப்பாம்பும் ஜாவாவும்

2003-ஆம் ஆண்டு நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். நம் கழகத்தின் கலை இரவுக்கு வருகைப் பதிவு செய்து ரசீது அச்சிட ஒரு நிரல் எழுதித் தருகிறேன் என்று, யாரும் கேட்காமலேயே, செயற்குழுக் கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பருவத்தில்தான் ஜாவாவில் மரபுரிமை என்ற பாடம் தொடங்கியிருந்தது. படித்ததை உடனே காட்டிவிட வேண்டும் என்ற ஆசை!

நான் போட்ட திட்டம் இதுதான். 'உறுப்பினர்' என்று ஓர் இனக்குழு. அதில் பெயர் உண்டு, உறுப்பினர் எண் உண்டு, கட்டணம் எவ்வளவு என்று சொல்லும் செயற்கூறு உண்டு. அதிலிருந்து 'மாணவர்', 'முன்னாள் மாணவர்' என இரண்டு கிளை இனக்குழுக்கள். தாய் இனக்குழுவில் உள்ளவை கிளைகளுக்குத் தாமாகவே வந்துவிடும். கிளை தனக்கென்று சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வந்ததை மாற்றியும் எழுதலாம். முன்னாள் மாணவருக்குப் பட்டம் பெற்ற ஆண்டைச் சேர்த்தேன். கட்டணத்தை மாணவருக்கு 15 ரிங்கிட், முன்னாள் மாணவருக்கு 50 என்று மாற்றி எழுதினேன். நார்வே நாட்டின் டால், நிகார்ட் இருவரும் 1960-களிலேயே சிமுலா 67 மொழியில் கொண்டுவந்த ஏற்பாடு இது. சி++, ஜாவா எல்லாம் பின்னால் வந்தவை.

எதை எதற்குக் கிளையாக்குவது என்பதில்தான் குழம்பினேன். வழி காட்டியவன் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என் அறைத்தோழன். "இது இருபெயரொட்டுப் பண்புத்தொகைதானேடா!" என்றான். சாரைப்பாம்பு என்றால் சாரையாகிய பாம்பு. சிறப்புப்பெயர் முன்னே, பொதுப்பெயர் பின்னே, இடையில் 'ஆகிய' மறைந்திருக்கிறது. அந்த 'ஆகிய' பொருந்தினால் மரபுரிமை பொருந்தும். முன்னாள் மாணவராகிய உறுப்பினர், சரி. காராகிய எஞ்சின்? பொருந்தாது. கார் எஞ்சினை உடையது. எஞ்சினின் கிளை அன்று. பாடநூல் பல பக்கங்களில் சொன்னதை அவன் பல் துலக்கிக்கொண்டே சொல்லி முடித்தான்.

இனி, இனமாற்றம். இதில்தான் நான் விழுந்தேன்.

முதலாம் ஆண்டில் எண்களுக்கு இனமாற்றம் செய்திருப்போம். 3.9 என்ற எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் முழுஎண் இனத்தை எழுதினால் 3 கிடைக்கும். பின்னம் போயே போய்விடும், மதிப்பே மாறிவிடுகிறது. பொருள்களுக்கும் அதே அடைப்புக்குறிதான். ஆகவே, ஒருவருக்கு முன்னால் 'முன்னாள் மாணவர்' என்று எழுதினால் அவர் முன்னாள் மாணவராகவே மாறிவிடுவார், பட்டம் பெற்ற ஆண்டு சுழியமாக இருக்கும் என்று நம்பினேன். ரசீதில் அந்த ஆண்டை அச்சிட வேண்டியிருந்ததால், பட்டியலில் இருந்த எல்லாரையும் அப்படியே மாற்றிவிட்டேன். ஜாவா மொழிமாற்றி ஒரு சொல்லும் முணுமுணுக்கவில்லை. நான் சோதனைக்குப் போட்ட மூன்று பெயர்களும் முன்னாள் மாணவர்களுடையவை. நிரல் அழகாக ஓடியது.

கலை இரவன்று முதலில் வந்தவர் பட்டம் பெற்ற ஓர் அண்ணன். ரசீது வந்தது. அடுத்து முதலாம் ஆண்டு மாணவி ஒருவர். திரையில் 'கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்' என்ற பிழையோடு நிரல் நின்றது. மீண்டும் ஓட்டினேன், மீண்டும் நின்றது. வரிசை படிக்கட்டு வரை நீண்டுவிட்டது. பொருளாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசீதுப் புத்தகம் வாங்க ஆள் அனுப்பினார்.

நடந்தது என்ன? பொருள்களுக்குச் செய்யும் இனமாற்றம் பொருளைத் தொடுவதே இல்லை. எந்தப் பெயரால் அதைப் பார்க்கிறோம் என்பதை மட்டுமே மாற்றுகிறது. சாரையைப் 'பாம்பு' என்று அழைத்தால் அது பொய்யன்று. எனவே கிளையிலிருந்து தாய்க்கு மேலேறும் மாற்றத்தை ஜாவா கேள்வியின்றி ஏற்கும்; அடைப்புக்குறிகூட வேண்டாம். உறுப்பினர் என்ற பெயரில் வைத்திருந்தாலும், கட்டணம் கேட்டால் முன்னாள் மாணவர் 50 என்றே சொல்வார். ஆனால் பட்டம் பெற்ற ஆண்டைக் கேட்க மொழிமாற்றி விடாது. உறுப்பினர் என்ற பெயருக்கு அப்படி ஒரு விவரம் இல்லையே!

கீழிறங்கும் மாற்றம் வேறு. புதரில் அசைவது பாம்பு என்று மட்டும் தெரிந்த நிலையில் 'இது சாரைதான், நான் பொறுப்பு' என்று கை நீட்டுவது போன்றது அது. இருக்கலாம் என்பதால் மொழிமாற்றி அனுமதிக்கிறது. ஓடும்போது சரிபார்த்து, நல்லபாம்பாக இருந்தால் நிரலை நிறுத்திவிடுகிறது. கை நீட்டுமுன் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பதையும் மாற்றுவதையும் ஒரே அடியில் செய்யும் வசதி 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்றது.

ஆனால் எனக்குத் தேவைப்பட்டது அதுவும் இல்லை. 'ரசீது வரி' என்றொரு செயற்கூறைத் தாயில் வைத்து, முன்னாள் மாணவரில் மட்டும் ஆண்டைச் சேர்த்து மாற்றி எழுதியிருந்தால் போதும். யார் எந்த இனம் என்று நான் கேட்கவே வேண்டாம். அவரவர் வரியை அவரவரே தருவார்கள். இன்றும் ஒரு நிரலில் கீழிறங்கும் மாற்றங்கள் மலிந்திருந்தால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது அதன் மரபுரிமை அமைப்பின் மீதுதான்.

அடுத்த ஆண்டு திருத்திய நிரலைக் கொண்டுவந்தேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தையும் மேசையில் வைத்திருந்தார், திறக்க வேண்டியிருக்கவில்லை. நிரலில் ஒரே ஓர் அடைப்புக்குறி மிச்சம் இருந்தது. அன்றைய ஜாவா 1.4-இல் பட்டியலிலிருந்து எதை எடுத்தாலும் வெறும் 'பொருள்' என்றே வரும். அதை உறுப்பினராக மாற்றியே ஆக வேண்டும். பட்டியலுக்கே இனம் குறிக்கும் வசதி 2004 இறுதியில் ஜாவா 5-உடன் வந்தது. நான் படிப்பை முடித்துப் போன பிறகு, எனக்குப் பின் செயற்குழுவுக்கு வந்த தங்கை ஒருவர் அந்தக் கடைசி அடைப்புக்குறியையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்.