ஒலியை உறிஞ்சும் பஞ்சு

நம் தமிழ் மன்றத்தின் சார்பில் சிறியதோர் ஒலிப்பதிவு அறை அமைப்பதென்று இவ்வாண்டுச் செயற்குழு முடிவு செய்திருப்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். கரோல்பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் வாழும் தமிழ் முதியோர்களை அழைத்து, அவர்கள் தில்லிக்கு வந்த கதையை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து பதிவு செய்வதுதான் நம் முதல் பணி. அவர்களுள் பலர் எண்பதைக் கடந்தவர்கள். மறுமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் இருந்துவிட முடியாது. ஆதலால், முதல் தடவையிலேயே பதிவு தெளிவாக அமைய வேண்டும்.

நமக்குக் கிடைத்திருப்பது விடுதியின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 3 மீட்டர். வெறுஞ்சுவர்கள். உள்ளே நின்று கை தட்டினால் ஓசை ‘ணங்’கென்று நீண்டு ஒலிக்கிறது. சுவரில் எதை ஒட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது முட்டை அட்டை என்றார் ஒருவர். தெர்மாகோல் என்றார் இன்னொருவர். இணையக் கடைகளில் விற்கும் கறுப்பு நுரைத் தகடு என்றார் மற்றொருவர். இவை எதுவுமே வேண்டாம். நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்கினால் போதும் என்பாரும் உளர். பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெளி ஓசை உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் ஓசை சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சுவது வேறொரு வேலை. முன்னதற்கு எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டித்தால் அது ஒலியைத் தடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய 6 டெசிபல் உயரும். இலேசான பஞ்சை எவ்வளவு ஒட்டினாலும் சாலையில் அலறும் ஹாரன் நிற்காது. அதற்குக் கதவிடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் ரப்பர்ப் பட்டை ஒட்டி, இரவு பத்து மணிக்கு மேலோ விடியற்காலையிலோ, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வதே நமக்கு எளிய வழி. பஞ்சின் வேலை இரண்டாவது வேலை மட்டுமே.

பஞ்சு ஒலியை எவ்வாறு உறிஞ்சுகிறது? ஒலி என்பது காற்றின் அசைவு. அசையும் காற்று நுண்ணிய இழைகளுக்கிடையே புகுந்து உராயும்போது அதன் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. எனவே காற்று உள்ளே புக வழி இருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பொருளை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். தெர்மாகோலில் ஊதினால் காற்று புகாது. அதன் குமிழ்கள் யாவும் மூடியவை. வெப்பத்தைத் தடுக்க அது நல்ல பொருள்; ஒலியை உறிஞ்ச அது உதவாது. மிக எளிதாகக் காற்று புகுந்து வெளியேறினாலும் பயனில்லை, உராய்வு குறைந்துவிடும். சிரமப்பட்டு ஊதினால் காற்று மறுபுறம் வரவேண்டும். அதுவே சரியான பதம்.

இத்துறைக்கு அடிகோலியவர் அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடம் பேச்சு விளங்காத கூடமாக இருந்தது. சொன்ன சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. சபைன் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்ததே சபைன் சூத்திரம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஓசை அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். திறந்த சன்னலின் வழியே சென்ற ஒலி திரும்பி வராதாகையால், அதன் உறிஞ்சும் எண்ணை 1 என்று அவர் கொண்டார்.

நம் அறைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கன அளவு 36 கன மீட்டர். மொத்தப் பரப்பு 66 சதுர மீட்டர். பூச்சுச் சுவரின் உறிஞ்சும் எண் சுமார் 0.03. ஆக, உறிஞ்சும் பரப்பு 2 சதுர மீட்டர்தான். ஓசை அடங்க ஏறத்தாழ 2.9 விநாடி ஆகும். ஒரு சொல் அடங்குமுன் அடுத்து ஐந்தாறு சொற்கள் வந்துவிடும். பேச்சைப் பதிவு செய்ய அரை விநாடிக்கு மேற்படாதிருத்தல் நன்று. விலையுயர்ந்த ஒலிவாங்கி இக்குறையைப் போக்காது. முதியவரின் குரலோடு அறையின் முழக்கத்தையும் அது மிக நன்றாகவே கேட்கும். ஒருமுறை பதிவில் கலந்துவிட்ட முழக்கத்தைப் பின்னால் குரல் கெடாமல் பிரித்தெடுப்பது கடினம்.

இனி, கனம். சுவரை ஒட்டினாற்போல் காற்று அசைவதில்லை. சுவரிலிருந்து அலைநீளத்தின் கால் பங்கு தொலைவில்தான் அசைவு மிகுதி. விநாடிக்கு 1000 அதிர்வு கொண்ட ஒலிக்கு அத்தொலைவு 8.6 சென்டிமீட்டர், 500 அதிர்வுக்கு 17 சென்டிமீட்டர், ஆண்குரலின் அடிநாதமான 125 அதிர்வுக்கு ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். ஓர் அங்குல நுரைத் தகடு இதன்முன் யானைப் பசிக்குச் சோளப்பொரி. முட்டை அட்டை அதனினும் மெல்லியது. இவை ‘ச’, ‘ஷ’ போன்ற மெல்லிய ஓசைகளை மட்டும் விழுங்கிவிட்டு, அடிக்குரலை முழங்க விட்டுவிடும். கைதட்டல் அடங்கிவிட்டதே என்று நாம் மகிழ்வோம். பதிவைக் கேட்டாலோ பானைக்குள் பேசியதுபோல் இருக்கும்.

நுரையை நான் மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடையில் விட்ட வாணத்தின் பொறி, ஓசை குறைப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பற்றிக்கொண்டது. சில நிமிடங்களில் கட்டடமே தீக்கிரையாயிற்று. 100 பேர் மாண்டனர். நம் அறைக்கு வாசல் ஒன்றுதான். மாணவர்கள் உறங்கும் விடுதியின் அடியில் நுரையையும் காகித அட்டையையும் ஒட்டுவது தகாது.

அப்படியானால் எதைத் தேர்வது? பாறைப் பஞ்சு என்பது என் விடை. கடையில் ராக்வூல் என்று கேட்க வேண்டும். பாறையை உருக்கி இழையாக்கிய பொருளாதலால் அது தீப்பற்றி எரிவதில்லை. பெயர் கேட்டுக் கல்நார் என அஞ்ச வேண்டா. அது வேறு, இது வேறு. கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ வரை எடையுள்ள, 5 சென்டிமீட்டர் கனமுள்ள பலகைகள் போதும். அது கிடைக்காவிடில் 32 அல்லது 48 கிலோ கண்ணாடிப் பஞ்சும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரச்சட்டங்களில் பலகைகளைப் பொருத்தி, காற்றுப் புகும் பருத்தித் துணியால் நாற்புறமும் மூடவேண்டும். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினால், காசில்லாமலே கனம் கூடியதுபோன்ற பயன் கிட்டும். இவ்வாறு 16 சட்டங்கள் மாட்டினால் பரப்பு 11.5 சதுர மீட்டர். உறிஞ்சும் எண்ணை 0.9 என்று கொண்டால், ஓசை அடங்கும் நேரம் 2.9 விநாடியிலிருந்து ஏறத்தாழ அரை விநாடிக்கு இறங்கிவிடும். சில சட்டங்களை மூலைகளில் குறுக்காக, இரண்டு பலகைக் கனத்தில் வைத்தால் அடிக்குரல் முழக்கமும் ஓரளவு தணியும், முற்றிலும் தணியாது.

இழைகள் தோலில் பட்டால் அரிக்கும். வேலை செய்வோர் முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை அணிந்து, மொட்டை மாடியில் வைத்து வெட்டுதல் நலம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2001இல் ஆராய்ந்து, இப்பஞ்சு வகைகளைப் புற்றுநோய் விளைவிப்பன என்று வகைப்படுத்த இயலாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. எனினும், துணியால் மூடாத பஞ்சை அறையில் விடக்கூடாது.

சட்டங்கள் முடியும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு உண்டு. நம்மில் ஒவ்வொருவர் பெட்டியிலும் தில்லிக் குளிருக்கு வாங்கிய பருத்தி ரஜாய் இருக்கிறது. நான்கைந்தை மடித்துப் பேசுபவரின் முதுகுப்புறம் தொங்கவிடுங்கள். ஒலிவாங்கி அந்தத் திசையை நோக்கியே இருப்பதால், அங்கிருந்து திரும்பும் ஓசையைத் தடுப்பதுதான் முதற்பயன் தரும். பருத்தி எரியுமாதலால் பதிவு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஆகவே, ஒதுக்கிய சிறு தொகையை இரண்டாவது ஒலிவாங்கிக்குச் செலவிடாமல் இப்பஞ்சுக்கும் மரத்துக்கும் துணிக்கும் செலவிடுமாறு செயற்குழுவை வேண்டுகிறேன். சட்டம் அடிக்கத் தச்சர் வேண்டியதில்லை. சுத்தியல் பிடிக்கத் தெரிந்த பத்துப் பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தந்தால் போதும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.