பனிக்கால ஓய்வில் உழவு இயந்திரமும் எலித்தொல்லையும்

பெரும்போகத்து உருளைக்கிழங்கைக் கிண்டி எடுத்து, லீக்சும் கரட்டும் லொறியேறிய பின்னர், பட்டிப்பொலவிலும் அதனை அடுத்துள்ள அம்பேவெல, ஒஹிய ஆகிய இடங்களிலும் உழவு இயந்திரங்களுக்கு ஓய்வு வருகின்றது. மார்கழி தொடங்கி மாசி வரையில், அடுத்த போகத்துக்கு மண்ணைப் புரட்டும் நாள் வரும்வரை, அவை கொட்டிலில் நிற்கும். பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் அமைந்தது; இத்தீவின் புகையிரத நிலையங்களுள் இதுவே மிக உயர்ந்தது. இவ்வுயரத்தில் தை மாதத்து விடியற்காலைகளில் புல்லின்மீது உறைபனி வெண்மையாகப் படிந்து, கிழங்குச் செடியின் இலை கருகும். அக்குளிரில் மனிதர் அடுப்பங்கரையை நாடுவதுபோல எலியும் ஒதுக்கிடம் நாடும். வயல் வெறுமையாய்க் கிடக்கும் அந்நாளில் அதற்கு உணவும் குறைவு, மறைவும் குறைவு. கொட்டிலில் நிற்கும் இயந்திரமோ காற்றுப் புகாத தகட்டு மூடியும், இருட்டும், பஞ்சு நிறைந்த ஆசனமும் கொண்டு ஆயத்தமாக நிற்கின்றது.

எலியால் இயந்திரத்துக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்போர் உளர். யான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு கமக்காரர் இரண்டரை மாதம் நின்ற இருசில்லு உழவு இயந்திரத்தை மாசிக் கடைசியில் வெளியே தள்ளி, வழக்கம்போல் கைபிடியைச் சுற்றிக் கிளப்பினார். இயந்திரம் கிளம்பியது, கால் மணி நேரம் உழுதது. பின்னர் துணி எரியும் நாற்றம் வந்தது. அதனைப் பொருட்படுத்தாது அடுத்த சாலையும் உழுதார். இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது, குளிர்விக்கும் காற்றாடியின் மூடிக்குள் சாக்கு நாரும் உலர்ந்த புல்லும் ஆசனத்துப் பஞ்சும் கலந்த கூடு ஒன்று அடைத்துக் கிடந்தது. காற்றோட்டம் தடைப்பட்டு உருளை சூடேறி, பிஸ்ரன் சிக்கிக்கொண்டது. பழுது பார்ப்பதற்கு ஆன பணம் ஒருபுறமிருக்க, பன்னிரண்டு நாள் உழவு தாமதித்தது. அண்டை நிலத்தார் விதைக்கிழங்கு நட்டு முடித்த பின்னரே அவர் முதற்பாத்தியை அமைத்தார். இயந்திரத்தைத் தவணைக்கு வாங்கியவருக்கு இவ்வாறான பன்னிரண்டு நாள் சிறிய காரியமன்று.

இதனினும் அஞ்சத்தக்க கேடு ஒன்று உண்டு. தோளிற் சுமக்கும் மருந்து டாங்கியின் இறப்பர்க் குழாயை எலி கடித்தால், கடித்த இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. காற்றழுத்தம் ஏறியவுடன் அவ்விடத்தில் குழாய் பிளந்து, பீடைகொல்லி சுமப்பவரின் முதுகிலும் கையிலும் சிந்தும். உழவு இயந்திரம் நின்றால் பணம் போகும். மருந்துக் குழாய் பிளந்தால் ஆளின் உடம்புக்கே தீங்கு. ஆதலின் கொட்டிலில் எதைக் காப்பாற்றுவது முதலாவது என்று என்னைக் கேட்டால், உழவு இயந்திரத்துக்கு முன்னரே மருந்து டாங்கியைச் சொல்லுவேன். எரிபொருட் குழாயும் மின்கம்பியின் உறையும் கடிபட்டால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவை நீளாதிருக்கும்பொருட்டு அது எதையாவது கடித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பசிக்காகவே எலி கடிக்கின்றது என்று எண்ணி, கொட்டிலில் தானியம் இல்லையே என்று சும்மா இருப்பவர்கள் ஏமாந்து போவது இதனாலேயே.

இம்மலைக்கு எலித்தொல்லை புதிதன்று. தேயிலைக்கு முன்னர் இங்கே கோப்பி விளைந்த காலத்தில், கோப்பி எலி என்று பெயர்பெற்ற ஓரினம் தோட்டங்களுட் கூட்டமாகப் புகுந்து கொம்புகளைக் கடித்து எறிந்தது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் இதனைக் குறித்துள்ளார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் பின்னர்க் கோப்பியை அழித்தது. எலி மட்டும் இருந்துகொண்டது.

இன்று கொட்டிலுக்குள் வருபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று சுண்டெலி, இயந்திரத்தின் உட்புறத்திற் கூடு கட்டுவது இதுவே. மற்றையது கூரைமேல் ஏறியிறங்கும் வீட்டெலி; குழாய்களையும் பெல்ட்டுகளையும் கடிப்பதில் வல்லது. அகழானும் பெருச்சாளியும் மண்ணைக் குடைந்து நிலத்தையும் அத்திவாரத்தையும் கெடுப்பவை. அவை இயந்திரத்துள் ஏறுவது அரிது. நள்ளிரவிற் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சிகளைத் தின்று வாழ்வது. அதனை அடித்துக் கொல்ல வேண்டிய காரணம் இல்லை.

இன்னொன்றும் ஈண்டுச் சொல்லத்தக்கது. நம் அயலூராகிய ஒஹியவின் பெயரைத் தாங்கிய எலி ஒன்று உண்டு. 1929ஆம் ஆண்டில் பிலிப்ஸ் என்னும் ஆய்வாளர் அதனை விவரித்தார். முதுகு சாம்பல் நிறம், வயிறு வெண்மை, வாலின் மேற்புறம் கருமை, கீழ்ப்புறம் வெண்மை. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் அது இல்லை; மலைக்காட்டின் நிழலில் வாழ்வது; அருகிவரும் இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது. ஹோட்டன் சமவெளிக் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்போர், எலி என்ற பெயர் கேட்ட மாத்திரத்தே காட்டோரத்தில் நஞ்சு தூவுதல் ஆகாது என்பதற்கு இவ்வுயிர் ஒன்றே போதிய காரணம். நம் வழக்கு கொட்டிலுக்குள் வரும் எலியோடு மட்டுமே.

அந்த வழக்கைத் தீர்க்கப் பலரும் முதலிற் கேட்பது நஞ்சையே. அது பிழையான தொடக்கம். சுண்டெலி ஏறத்தாழ இருபது நாளிற் குட்டி ஈனும். அக்குட்டிகள் இரண்டு மாதத்துக்குள் தாமும் ஈனத் தொடங்கும். மார்கழியில் நுழைந்த ஒரு சோடி, உழவுக்கு நாள் பார்க்கும் முன்னரே பெருங்குடும்பமாகிவிடும். உள்ளே உணவும் கூட்டுக்குரிய இடமும் இருக்கும்வரை, கொன்ற எலியின் இடத்துக்கு வேறோர் எலி வரும். ஆகையால் அது தங்க முடியாதபடி கொட்டிலைச் செய்தலே வேலையின் பெரும்பகுதி. இவ்வேலை கார்த்திகை மாதத்திலேயே, பனி இறங்குமுன் முடிதல் வேண்டும்.

நம் பகுதியிற் கொட்டில் என்பது பெரும்பாலும் வீட்டை அல்லது லயத்தை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பு. அதற்குள் உழவு இயந்திரம், விதைக்கிழங்குப் பெட்டி, பசுவுக்குப் புண்ணாக்கு, உரமூட்டை, வெற்றுச் சாக்கு, விறகு யாவும் ஒன்றாக இருக்கும். இடநெருக்கடியை நான் அறியாதவனல்லன். ஆயினும் புண்ணாக்கும் விதைக்கிழங்கும் இயந்திரமும் ஒரே கூரையின்கீழ் இருக்குமாயின், கீழே சொல்லப்படும் எதுவும் முழுப் பயன் தராது. வேறு இடமே இல்லையெனில், புண்ணாக்கையும் தானியத்தையும் இறுகிய மூடியுள்ள தகரப் பீப்பாயில் இடுக. வெற்றுச் சாக்கை மடித்துக் கம்பியில் தொங்கவிடுக. வைக்கோலையும் பழைய துணியையும் அகற்றிவிடுக. கூடு கட்ட எலி தேடுவது இவற்றையே.

அடுத்தது துவாரங்கள். பென்சில் நுழையும் துவாரம் சுண்டெலிக்குப் போதும். அதன் அளவு ஆறு மில்லிமீற்றர் ஆயினும் நுழைந்துவிடும். வீட்டெலிக்கு அதன் இருமடங்கு வேண்டும். பகலில் ஒருவர் உள்ளே நின்று கதவைச் சாத்தி, வெளிச்சம் எங்கெங்கே கசிகின்றது என்று பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியாற் குறித்துக்கொள்ளலாம். கூரைத் தகரத்தின் வளைவுகள் சுவரின்மேல் அமரும் இடத்திலேயே மிகுதியாகக் கசியும். பெரும்பாலோர் கவனியாது விடும் இடமும் அதுவே. அங்கே சீமெந்துச் சாந்து வைத்துப் பூசுக. இரும்பு நாரைத் திணிப்பது பிற இடங்களில் வழக்கம். நம் மலையின் ஈரத்தில் அது ஓரிரு மழைக்காலத்துக்குள் துருவேறி உதிர்ந்துவிடும். உடைந்த கண்ணாடித் துண்டு கலந்த சாந்து நீடித்து நிற்கும். காற்றுக்காக விடும் இடங்களுக்குக் கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை அடிக்க வேண்டும். கதவின் அடியில் ஒரு தகட்டுப் பட்டையை, இருபுறமும் வளையாதபடி ஆணியிட்டுப் பொருத்துக. சாய்ப்பைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறுநிலமாக வைத்தால், எலி மறைவின்றி நெருங்கத் தயங்கும்.

இனி இயந்திரம். நிறுத்துமுன் அதனை நன்கு கழுவுக. கலப்பையின் சுழல் அலகுகளில் ஒட்டிய மண்ணோடு கிழங்குத் துண்டும் வேரும் இருக்கும். அது எலிக்கு விருந்துணவு. உலர்ந்தபின் அலகுகளுக்கு எண்ணெய் பூசுக. டீசல் இயந்திரமாயின் எரிபொருட் கலத்தை நிரப்பி வைப்பது நன்று; வெறுங்கலத்தில் மலைக்குளிரால் நீர் துளிர்த்து டீசலோடு கலக்கும். பெற்றோலில் ஓடும் நீர்ப்பம்பியிலும் புல்வெட்டியிலும் பெற்றோலை வடித்து, கார்புரேற்றரில் எஞ்சியதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துக. ஆசனத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க முடியுமாயின் அவ்வாறே செய்க. பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, இறப்பர்க் குழாய்களோடு சேர்த்துக் கூரையிலிருந்து இறக்கிய மெல்லிய கம்பியில், சுவரைத் தொடாதபடி தொங்கவிடுக. மருந்து டாங்கியை மூன்று தடவை நீர் மாற்றி அலசி, குழாயைக் கழற்றி, டாங்கியைக் கவிழ்த்து அவ்வாறே தொங்கவிடலாம். அலசிய நீரை ஓடையில் ஊற்றக் கூடாது. நான்கு சில்லு இயந்திரமாயின் பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும்.

புகைக்குழாயின் வாயையும் காற்று வடிகட்டியின் வாயையும் அடைத்தல் இன்றியமையாதது. ஒரு பழைய தகர டப்பாவைக் கவிழ்த்து இறுக்கிக் கட்டினால் போதும். அதில் ஒரு முழச் சிவப்புத் துணியையும் கட்டித் தொங்கவிடுக. அடைத்ததை மறந்து கிளப்பிய கதைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று என்னுடையதாகையால் இத்துணியை வற்புறுத்துகிறேன்.

இயந்திரத்தைத் தரை தொடும்படி சாக்கினாலோ தார்ப்பாயினாலோ போர்த்தி வைப்பது நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு. எலிக்கு வேண்டிய இருட்டையும் வெப்பத்தையும் நாமே செய்துகொடுத்தவர்களாவோம். கூரை ஒழுகுமாயின் மேலே மட்டும் தகரம் ஒன்றைச் சாய்த்து வைக்கலாம். பக்கங்கள் திறந்திருக்கட்டும். சுவரிலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளி நிறுத்தினால், நாமும் சுற்றிப் பார்க்கலாம். பூனையும் சுற்றி வரும்.

பதினைந்து நாளைக்கொருமுறை மூடியைத் திறந்து பார்த்து, அடைப்புகளை நீக்கி, சில நிமிடம் ஓடவிட்டு, ஆறிய பின்னர் மீண்டும் அடைக்க வேண்டும். கூடு கட்டத் தொடங்கிய எலி அமைதி குலைந்தால் இடம் மாறும். இந்த ஒரு பழக்கத்துக்கு நான் அளிக்கும் மதிப்பு மிகப் பெரிது; செலவு ஒரு கோப்பை டீசல்.

இவ்வளவும் செய்தும் புழுக்கை காணப்பட்டால் பொறி வைக்க வேண்டும். அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வைத்தல் முறை; எலி சுவரோரமாகவே ஓடும். இரண்டு மீற்றருக்கு ஒன்றாக வைக்கலாம். சுட்ட கருவாடும் வாட்டிய தேங்காய்த் துண்டும் இங்கே நல்ல இரை. வீட்டெலி புதுப்பொருளைக் கண்டு அஞ்சுவது. அதற்கு முதல் மூன்று நான்கு இரவுகள் பொறியை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்குக. சுண்டெலிக்கு அத்தயக்கம் குறைவு. அந்துருண்டை, வாசனைச் சவர்க்காரம் முதலியவற்றை இயந்திரத்துள் வைப்போர் சிலர். காற்றோட்டமுள்ள சாய்ப்பில் அவை நம்பத்தக்கவையல்ல.

நஞ்சைக் கடைசி வழியாகவே கொள்ளுக. நஞ்சுண்ட எலி இயந்திரத்தின் உட்புறத்திலேயே செத்து அழுகும். அதனைத் தின்ற பூனையும் ஆந்தையும் இறக்கலாம். லயத்துக் குழந்தைகள் சாய்ப்பில் விளையாடுவதும் நாம் அறிந்ததே. வைக்கத்தான் வேண்டுமெனில், பூட்டக்கூடிய இரைப்பெட்டியில் வைத்து, சுட்டுத்துண்டில் எழுதியபடியே நடக்க வேண்டும்.

கூட்டைக் கண்டவுடன் வெறுங்கையால் இழுத்தெறிதல் கூடாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. காலிலோ கையிலோ புண் இருப்பவர் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். இறப்பர்க் கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் மூடி, வெளுக்கும் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து கூட்டையும் புழுக்கையையும் நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, பின்னரே எடுத்துப் புதைக்க வேண்டும். உலர்ந்தபடி துடைப்பத்தாற் கூட்டினால் தூசி மூச்சோடு உட்செல்லும். அத்திரவம் உலோகத்தை அரிக்குமாதலால், பட்ட இடத்தை நல்ல நீராற் துடைத்து உலர்த்தி எண்ணெய் பூசுக.

மாசியில் உழவுக்கு நாள் குறித்ததும், அதற்கு ஒரு வாரம் முன்னரே இயந்திரத்தை வெளியே எடுக்க வேண்டும். சிவப்புத் துணியையும் டப்பாவையும் அகற்றி, காற்றாடி மூடியைக் கழற்றிப் பார்த்து, காற்று வடிகட்டியைத் திறந்து, எரிபொருட் குழாயை முழு நீளத்துக்கும் விரலாற் தடவிப் பார்க்க வேண்டும். கண் காணாத பல்லடையாளம் விரலுக்குத் தட்டுப்படும். மருந்து டாங்கியில் முதலில் வெறுநீர் நிரப்பி, முதுகிற் சுமவாமல் நிலத்தில் வைத்துக் காற்றடித்து, குழாயில் எங்கேனும் ஈரம் பனிக்கின்றதா என்று பார்க்க வேண்டும். பனிக்குமாயின் குழாயை ஒட்டுப்போடாது மாற்றுக. பழுதிருப்பின் திருத்துவதற்கு அந்த ஒரு வாரம் கையில் இருக்கும்.