பார்த்தால் ஒட்டாது, துடைத்தால் ஒட்டும்!
மலையேறி வரும் "மெட்ராஸ் ஐ"

பேர் என்னவோ "மெட்ராஸ் ஐ". ஆனால் அதற்குச் சென்னை, ஊட்டி, குன்னூர் என்ற பேதமெல்லாம் கிடையாது. பஸ்ஸில் ஏறி, ரெயிலில் ஏறி, மலை உச்சிக்கும் வந்து விடுகிறது!

காலையில் எழுந்தால் இமை ஒட்டிக் கொண்டு திறக்க மறுக்கும். கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போல் உறுத்தும். நீர் கொட்டும். கண்ணாடியில் பார்த்தால், கண் கோவைப்பழம்!

அவ்வளவுதான். "ஏய், அவன் கண்ணைப் பார்க்காதே, ஒட்டிக்கும்!" என்று வீடே அலறும்.

பேர் வந்த கதை

சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கப்பட்டது. 1918-ல் இந்த நோய் அங்கேதான் முதலில் கண்டறியப்பட்டது என்பார்கள். அதனால் "மெட்ராஸ் ஐ" என்ற பேர் நிலைத்து விட்டது. இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது "அடினோ" என்ற வைரஸ் கிருமி.

இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. கண்ணில் ரத்தம் கட்டச் செய்யும் இந்த வகை, 1969-ல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கிளம்பியது. மனிதன் சந்திரனில் கால் வைத்த சமயம் அது. அதனால் "அப்பல்லோ நோய்" என்றே மக்கள் பேர் வைத்தார்கள்! 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பரவியது. அங்கே அதற்குப் பேர் "ஜெய் பங்ளா".

தமிழ்நாட்டை 2022 நவம்பரில் மெட்ராஸ் ஐ ஒரு உலுக்கு உலுக்கியது. தினமும் 4 ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்படுவதாகச் சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் அப்போது கூறினார்.

குற்றவாளி யார்?

நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் இது ஒட்டவே ஒட்டாது. கறுப்புக் கண்ணாடி போடுவது கூச்சத்துக்குத்தான். நோயைத் தடுக்க அல்ல.

உண்மையான குற்றவாளி கை! உறுத்தும் கண்ணைக் கசக்குகிறார்கள். அதே கையால் பஸ் கம்பியைப் பிடிக்கிறார்கள், காசு கொடுக்கிறார்கள். அடுத்தவர் அதைத் தொட்டு விட்டுத் தன் கண்ணைத் தொட்டால் போதும். இந்தக் கிருமி துண்டிலும் கதவுப் பிடியிலும் பல நாள் உயிரோடு இருக்கும்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒரே அறையில் நாலைந்து பேர் படுக்கிறார்கள். ஒரே துண்டு, ஒரே தலையணை. குளிருக்குப் பயந்து பச்சைத்தண்ணீரில் கை கழுவச் சோம்பல் வேறு. கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் சுற்றிய துணியிலேயே கண்ணையும் துடைத்துக் கொள்கிறார்கள். சீசன் மாதங்களில் வெளியூர்க் கூட்டமும் சேர்ந்து கொள்கிறது. கிருமிக்கு இதைவிடக் கொண்டாட்டம் ஏது?

மருந்து என்ன?

வைரசால் வரும் கண்நோய்க்குத் தனி மருந்து கிடையாது. ஒன்று, இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கி விடும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மேல் வைத்தால் எரிச்சல் தணியும். துண்டு, சோப்பு, தலையணை உறை எல்லாம் தனியாக இருக்க வேண்டும். கண்ணைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கண் சிவந்து நீர் வடியும் வரை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது.

பாக்டீரியாவால் வரும் வகையில் மஞ்சளாகப் பீளை கட்டும். அதற்குத்தான் கிருமிக்கொல்லிச் சொட்டு மருந்து. எது எந்த வகை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாய்ப்பால், எலுமிச்சைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடக் கூடாது.

ஆபத்து எங்கே?

சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல. இதுதான் மலைவாசிகள் முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டியது.

தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது குச்சி தெறித்துக் கண்ணில் பட்டு விடுகிறது. இரண்டு நாளில் அந்த ஒரு கண் மட்டும் சிவக்கிறது. "மெட்ராஸ் ஐதான், ஒரு சொட்டு மருந்து கொடுங்க" என்று கடையில் கேட்டு வாங்கி ஊற்றுகிறார்கள்.

அது கருவிழிப் புண்ணாக இருக்கலாம். செடி குத்திய காயத்தில் பூஞ்சைக்கிருமி ஏறி விடும். கடையில் கொடுத்த சொட்டில் ஸ்டீராய்டு இருந்தாலோ, எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான்! சிவப்பு குறைந்தது போல் ஏமாற்றும். உள்ளே புண் வளரும். கடைசியில் கண்ணில் பூ விழுந்து, பார்வையே போய் விடலாம்.

குச்சியோ தூசியோ பட்ட கண் சிவந்தாலும், கடுமையாக வலித்தாலும், வெளிச்சம் பார்க்க முடியாமல் போனாலும், பார்வை மங்கினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பிறந்த குழந்தையின் கண் சிவந்தாலும் அப்படியே. ஊட்டி, குன்னூர் அரசு ஆஸ்பத்திரிகளில் காட்டினால் கைக்காசு செலவில்லை.

"லீவு போட்டா கூலி போயிடுமே" என்பது தோட்டத்து ஜனங்களின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்து விடலாம். கண் போனால்?