ஒரு பக்கம் ஊமையான ரேடியோகிராம்

மின்சுற்றுச் சோதனையின்போது பல்பு எரியாவிட்டால் நம் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். மின்கலத்தை மாற்றுவார்கள், கம்பியை மாற்றுவார்கள், பல்பையும் மாற்றுவார்கள். எல்லாம் ஒரே மூச்சில். பல்பு எரிந்துவிடும். முன்பு ஏன் எரியவில்லை என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இதைப் பற்றி வகுப்பில் பேச எனக்கு நல்ல உதாரணம் ஒன்று கிடைத்தது. எங்கள் ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டில் பழைய ஸ்டீரியோ ரேடியோகிராம் ஒன்று இருக்கிறது. வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே மரப்பெட்டிக்குள் அமைந்தது அது. 1958ஆம் ஆண்டில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தபின், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என இரண்டு பெருக்கிகள் கொண்ட இத்தகைய பெட்டிகள் பரவின. டிரான்சிஸ்டர் இடம்பிடிக்கும்வரை அவற்றுக்குள் வால்வுகளே வேலை செய்தன. நம் நாட்டிலும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வால்வுகள் தயாரித்தது.

அந்தப் பெட்டியின் வலதுபக்கம் ஊமையாகிவிட்டது. வால்வு போய்விட்டது, இனி கிடைக்காது என்று யாரோ சொல்ல, பழைய இரும்புக் கடைக்குப் போட முடிவாகியிருந்தது. ஊரில் வானொலி பழுது பார்த்துவந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

அவர் திருப்புளியைத் தொடவே இல்லை. “இடது பாடுதில்ல சார், அப்போ பாதி வேலை முடிஞ்சுது” என்றார். யோசித்துப் பாருங்கள். மின்இணைப்பு, ஃபியூஸ், மின்மாற்றி, மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் வால்வு ஆகியவை அந்தப் பெட்டியில் இரு பக்கத்துக்கும் பொது. இவற்றில் ஒன்று பழுதாகியிருந்தால் இரண்டு பக்கமும் ஊமையாகியிருக்கும். எனவே வலதுபக்கத்துக்கு மட்டும் உரியவற்றைத் தேடினால் போதும். பாடத்தில் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்று நாம் சொல்லிக்கொடுப்பதை, நல்லபடி பாடும் இடதுபக்கம் இங்கே இலவசமாகச் செய்துகொடுக்கிறது.

முதலில் பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தார். (பல ‘பழுதுகள்’ இங்கேயே முடிந்துவிடுமாம்.) பிறகு இசைத்தட்டிலிருந்து வானொலிக்கு மாற்றினார். வலது அப்போதும் ஊமைதான். ஆகவே இசைத்தட்டின் ஊசி மீது குற்றம் இல்லை. அடுத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு ஸ்பீக்கர்களின் கம்பிகளை இடம் மாற்றினார். இப்போது வலது ஸ்பீக்கர் பாடியது, இடது ஸ்பீக்கர் ஊமையானது. அப்படியானால் ஸ்பீக்கர்கள் நல்லவை; பழுது வலதுபக்கப் பெருக்கியில். நிறுத்தாமல் கம்பியைக் கழற்றக்கூடாது என்பதை அவர் இருமுறை சொன்னார். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வுப் பெருக்கி ஓடினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி கெட்டுப்போகலாம்.

கடைசியாக வால்வுகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ‘ஈசிஎல் 82’. இந்தப் பெயரைப் படிப்பதே ஒரு பாடம். ‘ஈ’ என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட், ‘சி’ என்றால் டிரையோடு, ‘எல்’ என்றால் ஸ்பீக்கரை இயக்கும் பென்டோடு. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு வால்வுகள்! குமிழின் உச்சியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால், உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு முடிந்தது என்று பொருள். பேரியம் ஆக்சிஜனுடன் வினைபுரிவதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இங்கே இரண்டும் வெள்ளியாகவே இருந்தன. ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தினார்.

இரண்டு பக்கமும் பாடின!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வீட்டார் மகிழ்ந்தார்கள்; பெரியவர் மகிழவில்லை. பழுது இடம் மாறியிருக்க வேண்டும், அல்லது அங்கேயே இருந்திருக்க வேண்டும். மறைந்தது எப்படி? மீண்டும் நிறுத்தி, வால்வுகளைப் பழைய இடத்துக்கே மாற்றினார். அப்போதும் இரண்டும் பாடின. ஆக வால்வுகள் முதலிலிருந்தே நல்லவை. பல ஆண்டு ஈரக்காற்றில் சாக்கெட்டின் துளைகளில் களிம்பு ஏறி, வால்வின் ஒன்பது ஊசிகளில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை. கழற்றி மாட்டியதில் அது உரசிச் சுத்தமாகிவிட்டது. பிறகு சாக்கெட்டைத் துடைத்துக்கொடுத்தார். மாற்றியதைத் திரும்ப மாற்றிப் பார்க்காமல் விட்டிருந்தால், தவறான காரணத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்போம்.

வீட்டுக்காரர் சிரித்தார். அவர் தறியிலும் இதே கணக்குதானாம். ஜக்கார்டில் பூ பிசகினால், பிசகு சேலையின் நீளவாக்கில் கோடாக ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினால் பாவு இழையிலோ அதைத் தூக்கும் கொக்கியிலோ குறை. அட்டைகள் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒரே வரியில் மட்டும் பிசகினால் குறை அந்த அட்டையின் துளையில். எங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் இது அன்றாடப் பேச்சு என்பதால், வகுப்பில் நான் தறியிலிருந்து தொடங்கி ரேடியோகிராமுக்கு வருகிறேன்.

வால்வுக் கருவியை மாணவர்களிடம் திறந்து காட்டவே கூடாது. உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கி நிற்கும். வகுப்புக்கு 1.5 வோல்ட் மின்கலத்தில் ஒரேமாதிரி இரண்டு பல்பு சுற்றுகள் போதும். ஒன்றில் ஓர் இணைப்பின்மேல் செலோடேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே இரு சுற்றுக்கும் இடையில் மாற்றலாம். மாற்றுமுன் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். மாற்றியபின் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். என் எட்டாம் வகுப்பில் முதல் குழு கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த நேரம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் வாழ்க்கைக் கணக்குகளில் தொடர்ந்து பூஜ்யம் வாங்கிவந்தான். கணக்கு வராத பையன் என்றே குறித்துவைத்திருந்தார்கள். கணக்கை மாற்றாமல், வாசிப்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். தனிவட்டிக் கணக்கொன்றை வாசித்துக்காட்டினேன். விடை சரியாக வந்தது. அடுத்து எண்களே இல்லாத ஒரு கதைப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டான். மறுநாள் இன்னொரு கணக்கை அவனையே வாசிக்கவைத்துப் பார்த்தேன், மீண்டும் பூஜ்யம். இப்போது கணக்குப் பாடவேளையில் பக்கத்து மாணவி அவனுக்கு வாசித்துக்காட்டுகிறாள். தமிழாசிரியர் நாள்தோறும் பத்து நிமிடம் அவனோடு எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.