பிரிட்ஜ் வாங்குமுன் குழாயைப் பாருங்கள்

கதவிலேயே குளிர்நீரும் ஐஸ் கட்டியும் தரும் பெரிய பிரிட்ஜ்கள் நந்தனம், தி.நகர் பக்கம் வணிகர் இல்லங்களிலும் இடம்பிடித்து வருகின்றன. இவற்றில் பல மாடல்களைத் தண்ணீர்க் குழாயுடன் இணைத்தாக வேண்டும். பணம் கட்டுமுன் இரண்டு விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

முதலாவது, அழுத்தம். இவை பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தமாவது கேட்கும். நம் வீடுகளில் மெட்ரோ தண்ணீர் கீழ்த்தொட்டியில் விழுந்து, மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து இறங்குகிறது. பத்தடி உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 4.3 பவுண்டுதான். 20 பவுண்டுக்கு 46 அடி உயரம் வேண்டும். இரண்டு மாடி வீட்டில் அது ஏது? தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடியில் இன்னும் குறைவு. ஐஸ் கட்டி சிறுத்துப்போகும், அல்லது விழவே விழாது. சிறிய பிரஷர் பம்ப் வைப்பதே வழி.

இரண்டாவது, தரம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்தன. பிரிட்ஜுடன் வரும் பில்டர் குளோரின் வாடையைக் குறைக்கும், உப்பை நீக்காது. கடினநீரானால் வால்வில் உப்புப் படிந்து அடைக்கும். தண்ணீரைப் பரிசோதித்து, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருந்தால் ஆர்.ஓ. இயந்திரம் வைத்து, அதன் பிறகு பம்பை இணைக்கவும்.

தனி அடைப்பு வால்வு அவசியம். ஊருக்குப் போகும்போது மூடிவிடலாம். முதல் நாள் ஐஸைக் கொட்டிவிடவும்.

வண்டிக் கூலி, இறக்குக் கூலி சேர்த்துத்தான் சரக்குக்கு அடக்க விலை போடுகிறோம். பிரிட்ஜுக்கும் பம்ப், ஆர்.ஓ., பிளம்பர் கூலி சேர்த்துப் போடுங்கள். கட்டுபடியாகாவிட்டால், கையால் தண்ணீர் ஊற்றும் மாடலே போதும்.