கெண்டைத் தூண்டிலில் ஈயம்: கட்டுவதா, ஓடவிடுவதா?

வீரமுனை, சம்மாந்துறைப் பகுதிக் கமக்காரர் வயல்வேலை ஓய்ந்த நாட்களில் குளத்திலே தூண்டில் இடுவதுண்டு. நம் நாட்டுக் குளங்களில் விடப்பட்ட கெண்டை இனங்களுள் கட்லா மேல்நீரில் மேய்வது. சாதாக் கெண்டையும் மிரிகாலும் அடிச்சேற்றில் இரை தேடுவன. ஆகவே இவ்விரண்டுக்கும் இரையை ஈயக்குண்டினால் அடியிலே கிடத்தல் வேண்டும்.

கெண்டைக்குத் தாடையிற் பல் இல்லை, தொண்டையிலேயே உண்டு. அது இரையை உறிஞ்சிப் பார்த்து, ஐயம் தோன்றின் உடனே உமிழ்ந்துவிடும். ஈயம் அமைக்கும் முறையை இவ்வியல்பே தீர்மானிக்கிறது.

1. கட்டிய ஈயம்: குண்டு நூலில் அசையாது நிற்கும். இரையை உறிஞ்சி நகரும் மீன் குண்டின் பாரத்தால் வெருண்டோட, முள் தானே தைக்கும். குண்டு 70 முதல் 100 கிராம் வரை கனமாகவும், முள்நூல் ஒரு சாணளவாகவும், முள் கூராகவும் இருத்தல் வேண்டும். கம்பைக் கரையில் ஊன்றி அருகே அமர்வோருக்கு இது ஏற்றது.

2. ஓடும் ஈயம்: குண்டின் துளையூடே நூல் தடையின்றி ஓடும். முள்நூல் முடிச்சுக்கு மேல் ஒரு மணி கோத்தால் குண்டு அதற்குக் கீழே இறங்காது. மீன் பாரத்தை உணராது நூலை இழுக்கும். விரலில் அசைவு தெரிந்தவுடன் சுண்டுதல் வேண்டும். நூலைக் கையிற் பிடித்திருப்போருக்கு இதுவே சிறந்தது.

நூல் அறுந்தால், இறுகக் கட்டிய குண்டை இழுத்துத் திரியும் மீன் தாமரைக் கொடியிற் சிக்கி, எவருக்கும் உணவாகாது மாளும். ஆதலின் குண்டை, வீசும்போது அறாத, ஆயினும் பெருநூலினும் மெலிந்த நூல்துண்டாற் கட்டுக. சிக்கியவிடத்து அதுவே முதலில் அறும். ஓடும் ஈயத்திலோ, குண்டுக்கு மேல் முடிச்சு இல்லாவிடின், அறுந்த நுனி வழியே குண்டு நழுவிவிடும்.