கை விரித்துக் காட்டும் வாசல்கள்

சிவாலயத்திற்குள் நுழையும்போது நந்தியெம்பெருமானிடம் அனுமதி பெறுகிறோம். தரிசனம் முடிந்து திரும்பும்போது சண்டிகேசுவரர் சந்நிதியில் நின்று, சிவன் சொத்தில் ஒரு துரும்பையும் எடுத்துச் செல்லவில்லை என்று இரு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு வருகிறோம். வரவுக்கு ஓர் அனுமதி, செலவுக்கு ஒரு கணக்கு என்பது நம் ஆலயங்களில் என்றும் உள்ள ஒழுங்கு.

அயல்நாடுகளின் வாசல்களும் இன்று ஏறக்குறைய இவ்வாறே ஆகிவிட்டன. மகனையோ மகளையோ காண ஐரோப்பாவுக்குப் புறப்படும் பெரியோர்களின் முகமும் விரல் ரேகையும் அங்கே பதிவு செய்யப்படுகின்றன. இதைக் கேட்டதுமே பலருக்கு மனத்தில் ஒரு கலக்கம் எழுகிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் நாற்பது ஆண்டுகளாகப் பூத்தொடுத்துக் கொடுக்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வாழைநார் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன. ரேஷன் கடை இயந்திரம் அவர் விரலை ஏற்பதில்லை. ஜெர்மனியில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது, "சொந்த ஊரிலேயே என் ரேகை செல்லவில்லை, அந்நிய தேசத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வேன்? நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். அந்த அச்சத்தைப் போக்குவதற்காக விசாரித்து அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

புதிய முறை யாது?

முன்பெல்லாம் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி அனுப்புவார்கள். அதற்கு மாற்றாக, 2025 அக்டோபர் 12 அன்று, 'நுழைவு - வெளியேற்றப் பதிவு முறை' ஐரோப்பாவில் தொடங்கப்பட்டது. 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைகளிலும் முழுமை பெறும்படி அது வகுக்கப்பட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே, நெதர்லாந்து உள்ளிட்ட 29 நாடுகள் இதில் அடங்கும். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை.

ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத்தையோ, பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத் தேரையோ தரிசிக்கச் செல்லும் நம்மவர் அனைவரும் இந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் தேவையில்லை.

அந்நாடுகளின் குடிமக்கள் அல்லாது, குறுகிய காலம் தங்க வருவோர் அனைவருக்கும் இது பொது. கைநாட்டு வைப்பது இழிவு என்றோ, நம்மைக் குற்றவாளியைப் போல் நடத்துகிறார்கள் என்றோ வருந்த வேண்டியதில்லை. அமெரிக்கரும் ஜப்பானியரும் நம்மோடு அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

ரேகை எங்கே பதிகிறது?

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. விசா இல்லாமல் வரக்கூடிய நாட்டினரிடம்தான் எல்லையில் நான்கு விரல்களின் ரேகையைப் புதிதாகப் பதிகிறார்கள். இந்தியர்களாகிய நாமோ விசா பெற்றே செல்கிறோம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே, இங்குள்ள மையத்தில் பத்து விரல்களின் ரேகையும் பெறப்பட்டுவிடுகிறது. ஆகவே எல்லையில் நம் முகம் மட்டுமே புதிதாகப் படம் பிடிக்கப்படும். விசாவுக்கு உரியவர் நாம்தானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விரலை வைக்கச் சொன்னாலும் சொல்லலாம். கண்ணின் கருவிழிப் படம் இம்முறையில் எடுக்கப்படுவதில்லை.

எனவே விரல்களைப் பேண வேண்டிய முதன்மையான நாள் விசா மையத்துக்குச் செல்லும் நாளே. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பிருந்தே இரவில் விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவி வரலாம். பாத்திரம் தேய்ப்பது, சந்தனம் அரைப்பது, நார் உரிப்பது ஆகிய பணிகளைச் சிலநாள் பிறரிடம் ஒப்படைக்கலாம். மருதாணியை அப்போது தவிர்ப்பது நன்று. செல்லும் நாளில் எண்ணெய்ப் பசையோ, குங்குமமோ, மஞ்சளோ இல்லாதபடி கைகளைக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். குளிரால் விரல் மரத்திருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்ளலாம்.

ரேகை ஒருமுறையில் பதியாவிட்டால் பதற்றம் வேண்டாம். மீண்டும் முயலச் சொல்வார்கள். உடற்குறையால் ரேகை தரவே இயலாதவர்களுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. விரலில் காயமோ தோல் நோயோ இருப்பின் மருத்துவர் சான்றைக் கையோடு கொண்டு செல்வது நலம். ஆனால் தர இயன்றும் மறுப்பவர்களுக்கு அனுமதி கிடைக்காது.

முகம் காட்டும்போது

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றுக்காகக் கைப்பேசியில் முகம் காட்டிப் பழகியிருப்பார்கள். ஏறக்குறைய அது போன்றதே இதுவும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டும். தலையில் குளிருக்காகக் கட்டிய துணியை எடுத்துவிட்டு, நேராகப் பார்த்து, அசையாமல் நின்றால் போதும். திருநீறும் திருமண்ணும் குங்குமமும் அணியத் தடையில்லை; புருவத்தையும் கண்ணையும் மறைக்காத அளவில் இருந்தால் சரி. பல்செட்டு அணிபவர்கள் அதை அணிந்தே இருக்கட்டும்.

நெடுநேரம் நிற்க இயலாதவர்கள், பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று விமான நிறுவனத்திடம் பதிந்துவிட வேண்டும். வழியில் விமானம் மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரிஸில் மாறி ஆஸ்லோ செல்வதானால், சோதனை நடப்பது பாரிஸில்தான். அங்கே வரிசை நீளலாம் என்பதால், இரண்டு விமானங்களுக்கும் இடையே போதிய நேரம் இருக்கும்படி சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அதிகாரி சில கேள்விகள் கேட்பதும் உண்டு. எதற்காக வருகிறீர்கள், யார் வீட்டில் தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்பவையே அவை. பிள்ளையின் முகவரி, தொலைபேசி எண், அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் படிகளை ஒரே உறையில் இட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். தந்தை பெயரின் முன்னெழுத்தால் நம்மவருக்கு வரும் குழப்பம் கொஞ்சமன்று.

நாள் கணக்கில் தவறலாகாது

இப்புதிய முறையில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது விரலைப் பற்றியன்று, நாளைப் பற்றியே. எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாள்களுக்கு மேல் தங்கலாகாது. மூன்று மாதம் என்று எண்ணி இருந்துவிடுகிறோம். மே முதல் தேதி இறங்கி, ஜூலை 31 அன்று புறப்பட்டால் அது 92 நாள் ஆகிவிடும்! வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும். விசாவில் அனுமதித்த நாள்கள் அதனினும் குறைவாக இருந்தால், அதுவே எல்லை.

முத்திரைகளைப் புரட்டி எண்ணிய காலத்தில் கண்ணில் படாமல் போனதும் உண்டு. இப்போது இயந்திரம் தானே எண்ணுகிறது. பேரன் முகத்தைப் பிரிய மனமின்றி இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினாலும், அடுத்த முறை விசா கிடைப்பது அரிதாகிவிடக்கூடும். நோயுற்றுப் பயணம் செய்ய இயலாத நிலை வந்தால், நாள் முடிவதற்கு முன்பே மருத்துவர் சான்றுடன் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தை அணுகி நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

திரும்பும்போதும் பதிவு முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முறையாகத் திரும்பியவர் விவரம் மூன்று ஆண்டுகள் வைக்கப்படுகிறது. வெளியேறியது பதிவாகாவிட்டால் ஐந்து ஆண்டுகள் இருக்கும். அதில் பிழை இருப்பின் திருத்தக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

பூத்தொடுக்கும் அந்த மூதாட்டியை எப்படியோ தேற்றி விசா மையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இருமுறை இயந்திரம் மறுத்தது. வெந்நீரில் கை நனைத்துத் துடைத்து வைத்த மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் முகத்தைப் படம் எடுத்ததோடு சரி, "இதற்கா இத்தனை நாள் உறங்காமல் இருந்தேன்!" என்று சிரித்தாராம். பேத்தியைக் கையில் ஏந்தினார். எண்பத்தைந்தாம் நாள் ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை கோயிலில் அவரைக் கண்டோம். சண்டிகேசுவரர் முன் நின்று, வழக்கம்போல் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு பூக்கூடையை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து, நாரைக் கிழிக்கத் தொடங்கினார்.